குண்டுக்கும் கணக்கு உண்டு: வக்கீலம்மா பதில்கள்

இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு வாசகர், "ரவுடியைச் சுட்டால் வக்கீல்களுக்கு ஏன் வலிக்கிறது?" என்று கேட்டிருந்தார். போலீஸ் சுட்டாலும் அதை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று நான்கு வரியில் பதில் சொன்னேன். அந்த நான்கு வரிக்கு ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. திட்டியவர்களே அதிகம். அவர்களில் பலர் நகையையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள். அதனால் சொத்துத் தகராறு, ஜீவனாம்சக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க இதற்கே எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

வேளச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் மனைவியின் ஏழு சவரன் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். கழுத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஐந்து வருஷமாக வாய்தா. பிடிபட்டவன் ஜாமீனில் சுற்றுகிறான். 2025 மார்ச்சில் தரமணியில் ஒரு செயின் திருடனைப் போலீஸ் சுட்டபோது நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அது பாவமா?

ஐயா, பாவம் இல்லை. உங்கள் மனைவி ரோட்டில் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர் நீங்கள். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த 2025 மார்ச் 25-ஐ மறுபடி நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு மணி நேரத்துக்குள் நகரத்தில் ஆறு இடங்களில் சங்கிலி பறித்தார்கள். நம் போலீஸார் கேமராக்களைத் துரத்திக்கொண்டே போய், இரண்டு பேரை விமானத்திலிருந்தே இறக்கினார்கள். மூன்றாமவரை ஆந்திராவில் ரயிலில் பிடித்தார்கள். சில மணி நேரத்தில் இவ்வளவும் நடந்தது. சென்னை போலீஸின் திறமைக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். நீங்கள் உடைத்த தேங்காய் அதற்கு என்றால், என் பங்குக்கும் ஒன்று உடையுங்கள்.

மறுநாள் அதிகாலையில் அவர்களில் ஒருவர், பைக்கையும் பொருளையும் எடுத்துத் தருவதற்காகத் தரமணிக்கு அழைத்துப் போகப்பட்ட இடத்தில் சுடப்பட்டுச் செத்தார். அவர் முதலில் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்பது போலீஸ் தரப்பு. அது உண்மையாகவே இருக்கலாம். சட்டம் தற்காப்பை யாருக்கும் மறுக்கவில்லை, போலீஸ்காரருக்கும் சேர்த்துத்தான். நான் கேட்பது ஒன்றே: உண்மையா என்று பார்த்தது யார்? சுட்டவரே சொன்னதை அன்று மாலைப் பத்திரிகையில் படித்துவிட்டு நாம் முடிவுக்கு வந்துவிட்டோம். உங்கள் மனைவியின் வழக்கில் திருடன் தரப்பு சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு நீதிபதி தீர்ப்பு எழுதினால் நீங்கள் ஒப்புவீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்று தனிப் பிரிவே வந்துவிட்டது, 304. அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. காயப்படுத்தி வழிப்பறி செய்தால் தண்டனை கூடும், ஆனாலும் மரணம் என்று எந்த வரியிலும் இல்லை. இந்தத் தண்டனை போதாது என்று நீங்கள் நினைத்தால், சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் எழுதுங்கள். நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் ஐந்து வருஷ வாய்தாவுக்குக் காரணம் நீதிபதி காலியிடம், வராத சாட்சி, சம்மன் கொண்டு போகாத ஸ்டேஷன். அந்த ஐந்து வருஷத்தை ஒரு குண்டு ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. உங்கள் வழக்கு இன்னும் அதே கோர்ட்டில், அதே காகிதக் கட்டுக்குள்தான் இருக்கிறது. வழக்கு எண்ணை அனுப்புங்கள், சீக்கிரம் முடிக்க உயர் நீதிமன்றத்தில் மனு போட முடியுமா என்று பார்க்கிறேன்.

பெரம்பூரிலிருந்து கல்லூரி மாணவி: 2024 ஜூலை முதல் செப்டம்பருக்குள் மாதவரம், வியாசர்பாடி, நீலாங்கரை என்று மூன்று என்கவுன்ட்டர். மூன்றாவதை எங்கள் வகுப்பில் யாரும் பேசக்கூட இல்லை. என்கவுன்ட்டர் நடந்தால் சட்டப்படி என்ன நடக்க வேண்டும் மேடம்?

நல்ல கேள்வி, கண்ணு. 2014 செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம், மும்பை என்கவுன்ட்டர்கள் பற்றிய வழக்கில் 16 கட்டளைகள் போட்டது. தலைமை நீதிபதி லோதாவும் நீதிபதி நாரிமனும் இருந்த அமர்வு. இந்தியா முழுவதற்கும் அதுதான் சட்டம். எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். சுட்ட ஸ்டேஷன் விசாரிக்கக்கூடாது, சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். பிரேதப் பரிசோதனையை இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். சுட்ட துப்பாக்கியை ஒப்படைத்துத் தடய அறிவியல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குடும்பத்துக்கு உடனே சொல்ல வேண்டும். வீரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகும்வரை சுட்டவருக்குப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. இதில் எது நடக்காவிட்டாலும் குடும்பம் செஷன்ஸ் நீதிபதியிடம் போகலாம்.

தாளில் அழகாக இருக்கிறது, இல்லையா? இது தரையில் எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் நடந்தது. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன், அந்தத் தாய் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிக்கடைப் பை. யாரோ "உன் பையன் உடுப்பும்மா" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் போய்ச் சேர இரண்டு மணி நேரம் தாமதம், பஸ் பிரேக்டவுன். அதற்குள் அந்த அம்மா, பக்கத்துக் குழாயடியில் சட்டையை அலசிவிட்டார். வெள்ளைச் சட்டை. ரத்தக்கறையோடு பிள்ளையை எப்படி வழியனுப்புவது என்று நினைத்திருக்கிறார். கசக்கிப் பிழிந்து, மரக்கிளையில் காயப்போட்டிருந்தார். சட்டையின் முதுகுப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை, பொத்தான் அளவு. காற்றில் ஆடும்போது அதன் வழியாக வெயில் தெரிந்தது.

பக்கத்தில் வைத்துச் சுட்டால் துணியில் கருகலும் வெடிமருந்துத் துகளும் படியும். எட்ட நின்று சுட்டால் படியாது. எத்தனை தூரத்திலிருந்து சுட்டார்கள், ஓடியவனைச் சுட்டார்களா, பாய்ந்து வந்தவனைச் சுட்டார்களா என்பதற்கு அந்தச் சட்டைதான் சாட்சி. அதைப் போலீஸ் கைப்பற்றி, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஒரு தாயின் கையில் கொடுத்துவிட்டார்கள், அவர் தாய் செய்யும் வேலையைச் செய்துவிட்டார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

உன் வகுப்பில் சட்டம் படிக்கப் போகிறவர்கள் இருந்தால், 16 கட்டளைகளை மனப்பாடம் செய்வதோடு இதையும் சொல்லு. கட்டளையை யாரும் எதிர்த்து உடைப்பதில்லை. முதல் நாளில், ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்: மனித உரிமை என்பதெல்லாம் ரவுடிக்கு மட்டும்தானா? வெட்டுப்பட்டுச் சாகிற போலீஸ்காரன் மனிதன் இல்லையா?

இந்தக் கேள்விக்கு நான் வக்கீலாகப் பதில் சொல்ல முடியாது. புதுப்பேட்டை காவலர் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். ஒரு அறை, ஒரு சமையலறை, வராந்தாவில் அப்பாவின் பெல்ட்டும் பூட்ஸும். ஆயுதப்படையில் ஏட்டாக ஓய்வு பெற்றவர். பந்தோபஸ்துக்குப் போன அப்பா திரும்பி வரும்வரை அம்மா விளக்கை அணைக்க மாட்டார். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டபோதும், 2021 நவம்பரில் புதுக்கோட்டைப் பக்கம் ஆடு திருடர்களைத் தனியாகத் துரத்திப் போன சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டபோதும், எங்கள் வீட்டில் சமையல் நடக்கவில்லை. அவர்களைக் கொன்றவர்களை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்பதும், போலீஸ் சுட்டால் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று கேட்பதும் ஒரே வாயால்தான்.

அப்பா ஒரு முறை வெளியூரில் ஒரு கலவரத்துக்குப் போனார். நான் அப்போது எட்டாவது. திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரவு அம்மாவிடம், "பத்து ரவுண்டு வாங்கினேன், எட்டு திருப்பிக் கொடுத்தேன்" என்றார். பாயில் படுத்திருந்த எனக்குக் காதில் விழுந்தது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது சுடாத தோட்டாவை எண்ணுவார்கள். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டையும் எண்ணுவார்கள். அப்பா தன்னுடைய ஒரு கூட்டைக் காணாமல், புழுதியில் மண்டியிட்டு அரை மணி நேரம் தேடி எடுத்திருக்கிறார். கணக்குச் சரியாக இருந்தது. ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"பித்தளைக்குக் கணக்கு கேட்டாங்க. அந்த ரெண்டும் எங்கே போச்சுன்னு ஒருத்தன் கேக்கல" என்றார் அப்பா. அந்த ஊரில் அன்று செத்தவர்கள் இருந்தார்கள். தன் குண்டா, பக்கத்தில் நின்றவர் குண்டா, இல்லை தரையில்தான் பாய்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. சாகும்வரை தெரியாது. யாராவது விசாரித்துச் சொல்லியிருந்தால் அவர் தண்டனை பெற்றிருக்கலாம், அல்லது நிம்மதி பெற்றிருக்கலாம். இரண்டில் ஒன்று கிடைத்திருக்கும். கடைசி வருஷங்களில் தூக்கத்தில் "தாழப் பிடி, தாழப் பிடி" என்று சொல்வார். குறியைத் தாழ்த்திச் சுடு என்று பயிற்சியில் சொல்வது அது. வக்கீலுக்குப் படிக்கிறேன் என்றபோது அவர்தான் பீஸ் கட்டினார்.

விசாரணை போலீஸுக்கு விரோதி என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2017 டிசம்பரில் மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன், கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தான் போன இடத்தில் குண்டடிபட்டு இறந்தார். கொள்ளையர் சுட்டார்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது. நாம் எல்லோரும் நம்பினோம். ராஜஸ்தான் போலீஸ் விசாரித்துவிட்டு, கைகலப்பின்போது உடன் போன அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டு என்றது. வேறு ஊர்ப் போலீஸ் விசாரித்ததால் அது வெளியே வந்தது. அவர் வீரத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அவர் மனைவி மக்களுக்கு, அவர் எப்படிச் செத்தார் என்ற உண்மை கிடைத்தது.

அண்ணாநகரிலிருந்து ஒரு வாசகி: 2019-ல் ஹைதராபாத்தில் கால்நடை டாக்டரைச் சீரழித்துக் கொன்ற நால்வரைச் சுட்டபோது பெண்கள் போலீஸ் மீது பூ தூவினார்கள். நானும் கண்ணீரோடு பார்த்தேன். பிறகு என்ன ஆனது?

டிசம்பர் 6 அதிகாலையில் சுட்டார்கள், பகலில் பூ. ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் முன்னாள் நீதிபதி சிர்புர்கர் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. 2022-ல் அறிக்கை வெளியானது. கொல்லும் எண்ணத்தோடே சுட்டிருக்கிறார்கள், போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை, 10 போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. சுடப்பட்டவர்களில் மூன்று பேர் சம்பவத்தின்போது 18 வயது ஆகாதவர்கள் என்றும் சொன்னது. பூ தூவிய கைகளில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்தார்கள்?

அந்த டாக்டர் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியது பகிரங்க விசாரணை, ஆதாரம், தீர்ப்பு. அவளைக் கொன்றது இவர்கள்தான் என்பதைக்கூட ஒரு நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பு இனி இல்லை. செத்தவர் மீது வழக்கு நடக்காது. 2012 பிப்ரவரியில் நம் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் என்று ஐந்து பேரை ஒரே வீட்டில் சுட்டதிலும் இதேதான். ஐவரில் யார் வங்கிக்குள் போனார், யார் அறையில் வெறுமனே தங்கியிருந்தார் என்று பிரித்துச் சொல்ல ஒரு விசாரணைக் கூண்டும் இல்லாமல் போயிற்று.

கொடுங்கையூரிலிருந்து: கைதிகள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு நிற்கும் படங்களைப் பார்த்துச் சிரிப்பது தவறா?

தவறு. காவல் நிலையக் கழிப்பறை கைதிகளுக்கு மட்டும்தான் வழுக்குமா என்று உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. இன்று சிரிக்கிற கட்டு, நாளை ஆள் மாறாட்டத்தில் பிடிபடுகிற உங்கள் தம்பி கையிலும் வரும்.

தண்டையார்பேட்டையில் வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர்: 2018 மே மாதம் ஸ்டெர்லைட் போராட்டத்தில் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கமிஷன் அறிக்கை வந்தும் ஏன் இந்த இழுபறி?

தம்பி, கமிஷன் வேறு, கோர்ட் வேறு. இந்த இடத்தில்தான் மக்கள் ஏமாந்து போகிறார்கள்.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் நான்கு வருஷம் விசாரித்தது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டசபையில் வைக்கப்பட்டது. கலைந்து ஓடியவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றது. அப்போதைய ஐ.ஜி., டி.ஐ.ஜி., எஸ்.பி. உட்பட 17 போலீஸார் மீதும், கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆனால் 1952-ம் வருஷச் சட்டப்படி, விசாரணைக் கமிஷன் சொல்வது பரிந்துரை மட்டும். அரசு ஏற்கலாம், ஏற்காமல் பெட்டியில் வைக்கலாம். கமிஷன் முன் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தை அவர் மீதே குற்ற வழக்கில் சாட்சியமாக வைக்க முடியாது. கொலை வழக்கு தனியாக நடக்க வேண்டும். அந்த வழக்கை 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சி.பி.ஐ.க்கு மாற்றியது. எத்தனை பெரிய அதிகாரிகளைக் கமிஷன் சுட்டிக்காட்டியதோ, அத்தனை பேர் குற்றப்பத்திரிகையில் வரவில்லை என்பதுதான் உங்கள் ஊர் மக்களின் ஆறாத கோபம். 2024-ல் உயர் நீதிமன்றமும் சி.பி.ஐ. விசாரணையைக் கடுமையாகப் பேசியது.

இதற்கு மேல் இன்னொரு பூட்டு இருக்கிறது. பணியில் இருக்கும்போது செய்த செயலுக்காக அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். வழக்குகள் அந்த அனுமதிக்காகவே வருஷக்கணக்கில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில், 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். புதுச் சட்டங்களில் எனக்குப் பிடிக்காதது நிறைய இருக்கிறது, இது பிடித்திருக்கிறது. போலி என்கவுன்ட்டருக்கு இந்த அனுமதிப் பேச்சே எழாது, அது பணி ஆகாது என்றும் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

நிவாரணமாக அரசு 20 லட்சம் கொடுத்தது. கமிஷன் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. பணத்தை வாங்கினால் வழக்கு போய்விடும் என்று பயந்து சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போகாது. வாங்குங்கள்.

தி.நகரிலிருந்து ஒரு பாட்டி: பேரன் அமெரிக்காவில் டாலஸில் இருக்கிறான். அங்கே போலீஸ் தப்பாகச் சுட்டால் ஜெயில் என்கிறான். நிஜமா?

பாட்டி, பாதி நிஜம். உங்கள் பேரன் ஊரிலேயே 2018 செப்டம்பரில் ஒரு பெண் போலீஸ் அதிகாரி, வேலை முடிந்து வந்து தன் வீடு என்று நினைத்து வேறொருவர் வீட்டுக்குள் போய், அங்கே இருந்த பாத்தம் ஜீன் என்ற 26 வயது இளைஞரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த வருஷமே ஜூரி கொலைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி 10 ஆண்டு சிறை கொடுத்தது. ஒரு வருஷம், ஒரு மாதத்துக்குள்! ஆனால் 2016-ல் மின்னசோட்டாவில் காரில் காதலியோடும் அவள் குழந்தையோடும் போன ஃபிலாண்டோ கேஸ்டிலைச் சுட்ட அதிகாரியை ஜூரி விடுதலை செய்தது. ஃபெர்குசனில் 2014-ல் போலீஸ் சுட்டுச் செத்த மைக்கேல் பிரவுனின் வழக்கு விசாரணைக்கே போகவில்லை. ஜார்ஜ் ஃபிளாய்டைக் கழுத்தில் முழங்காலால் அழுத்திய அதிகாரிக்கு 22½ ஆண்டு கிடைத்தது என்றால், வழிப்போக்கியான ஒரு 17 வயதுப் பெண் கை நடுங்காமல் செல்போனில் எடுத்துக்கொண்டே இருந்ததும், ஊர் ஊராக ஜனங்கள் தெருவில் நின்றதும் அதற்குப் பெரிய காரணம். அங்கேயும் இங்கேயும் வித்தியாசம் என்னவென்றால், அங்கே தீர்ப்பு வந்த பிறகு கத்துகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் தீர்ப்பு வரை போவதே இல்லை.

மடிப்பாக்கத்திலிருந்து: போலீஸ் அதிகாரிகள் நம் நாட்டில் கோர்ட்டில் தண்டனை பெற்றதே உண்டா?

உண்டு. 1997 மார்ச் 31-ல் டெல்லி கன்னாட் பிளேஸில் தாதா என்று நினைத்து ஒரு காரைச் சல்லடையாக்கினார்கள், உள்ளே இருந்தவர்கள் வியாபாரிகள். இரண்டு பேர் செத்தார்கள். காருக்குள்ளிருந்து சுட்டார்கள் என்று சொல்லி, ஒரு துப்பாக்கியையும் அவர்களே வைத்தார்கள். உதவி கமிஷனர் உட்பட 10 பேருக்கு 2007-ல் ஆயுள் தண்டனை, 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே 2011-ல் இன்னொரு வழக்கில், போலி என்கவுன்ட்டர் அப்பட்டமான கொலை, செய்தவர்களுக்குத் தூக்கு என்றார் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு. எனக்குத் தூக்கில் உடன்பாடு இல்லை, அது யாருக்கு என்றாலும்.

நம் ஊரில் வாச்சாத்தி. அங்கே துப்பாக்கி இல்லை, அதைவிடக் கொடியது நடந்தது. 1992 ஜூனில் ஊரைச் சூறையாடிப் பெண்களைச் சீரழித்த சம்பவத்தில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் 269 பேர் மீது வழக்கு. 2011-ல் தர்மபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் போக, மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னது. சம்பவத்திலிருந்து 31 வருஷம். அந்தப் பெண்கள் ஒருவர்கூட சாட்சியை மாற்றிச் சொல்லவில்லை என்று நினைக்கும்போதெல்லாம், என் மேஜையில் இருக்கிற கட்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

தாம்பரத்திலிருந்து ஆட்டோ ஓட்டுநர்: ஒரு சம்பவத்தை நேரில் பார்த்தேன். சொன்னால் என்னை விடுவார்களா அம்மா?

அண்ணே, பயம் நியாயம். டீக்கடைக்காரர் ஒருவர் என் வழக்கில் மாஜிஸ்திரேட்டிடம் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டு, செஷன்ஸில் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். கடை வாசலில் தினமும் ஒரு ஜீப் நின்றதாம். அவரை நான் கோபிக்கவில்லை.

ஆனால் சாத்தான்குளத்தை நினையுங்கள். 2020 ஜூனில் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துப் போன அப்பாவும் மகனும் செத்தார்கள். அந்த ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே மரியாதைக் குறைவாக நடத்தினார்கள். அப்படிப்பட்ட இடத்தில், அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, விடிய விடிய நடந்ததை வாக்குமூலமாகச் சொன்னார். 9 போலீஸார் கொலை வழக்கில் கூண்டில் நின்றதற்கு அந்த ரேவதியின் வாய்தான் முதல் காரணம். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் அடியில் செத்தபோது, மறைந்திருந்து ஒருவர் எடுத்த சில விநாடி வீடியோ உயர் நீதிமன்றம் வரை போனது. உடம்பில் 44 காயங்கள் என்றது நீதிமன்றம்.

2018-லிருந்து சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் உச்ச நீதிமன்ற உத்தரவால் சட்டமாகவே இருக்கிறது. மாவட்ட நீதிபதி முன் மனுக் கொடுக்கலாம். தனியாக ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். வக்கீலோடு போய் மாஜிஸ்திரேட் முன் சொல்லுங்கள். போனில் எடுத்தது இருந்தால் அழிக்காதீர்கள், யாருக்கும் ஃபார்வர்டும் செய்யாதீர்கள், அந்தப் போனையே பத்திரப்படுத்துங்கள்.

கண்ணகி நகரிலிருந்து ஒரு தாய்: என் மகன் பேரில் ஹிஸ்டரி ஷீட், அதான் ஸ்டேஷன்ல வைக்கிற குற்றப் பதிவேடு, இருக்கு. ரெண்டு வருஷமா டெலிவரி வேலைக்குப் போறான், ஒரு தப்பும் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்றாங்க. டிவியில என்கவுன்ட்டர்னு சொன்னாலே எனக்கு நெஞ்சு அடைக்குது. நான் என்ன பண்ணட்டும்?

அம்மா, இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

கண்காணிப்பு என்ற பெயரில் ராத்திரி வீட்டுக்குள் வருவது செல்லாது என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கதவைத் தட்டினால் திறக்க மறுக்கச் சொல்லவில்லை, சண்டை போடாதீர்கள். விளக்கைப் போடுங்கள், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். என்று, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், சட்டையில் பேர்ப் பலகை இருந்ததா, வண்டி எண் என்ன என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மகளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ எழுதச் சொல்லிக் கைநாட்டு வையுங்கள். மகன் டெலிவரி ஆப்பில் எந்நேரம் வேலையில் இருந்தான் என்பது போனிலேயே இருக்கும், மாதாமாதம் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கூட்டிக்கொண்டு போனால் எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். கைதுக் குறிப்பில் குடும்பத்தில் ஒருவர் அல்லது தெருக்காரர் கையெழுத்து வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்குள் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி, எந்த நேரமும். கமிஷனர் அலுவலகத்துக்கும் கிரீன்வேஸ் சாலை மனித உரிமை ஆணையத்துக்கும் இப்போதே, ஒன்றும் நடக்காத இந்த நேரத்திலேயே, பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆணையம் சொல்வதை அரசு செயல்படுத்தியே ஆக வேண்டும் என்று 2021-ல் உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது. மனு எப்படி எழுதுவது என்று கவலைப்பட வேண்டாம். இந்த இதழ் அலுவலகத்தில் உங்களுக்காக என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை எழும்பூர் கோர்ட்டில் எனக்கு மதியத்துக்கு மேல் வேலை இல்லை. மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.